சாவுக்குச் சங்கம் உண்டு, பிறப்புக்கு?

மட்டக்களப்பு நாட்டிலே பல ஊர்களில் மரணாதார சங்கம் என்று ஒன்று உண்டு. மாதந்தோறும் வீட்டுக்கு வீடு சிறு சந்தா சேர்க்கிறார்கள். ஒரு வீட்டில் ஒருவர் கண்மூடினால் அன்றே பந்தல் வருகிறது, கதிரைகள் வருகின்றன, கைச்செலவுக்குப் பணமும் வருகிறது. இறந்தவர் இத்தனை வருடம் சந்தா கட்டினாரா, அவர் கட்டியதைவிடக் கொடுப்பது கூடுமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சாவு எல்லார் வீட்டுக்கும் வரும் என்ற அறிவிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. ஏழை எளியவர்கள் தாமாகவே கண்டுபிடித்த காப்புறுதி என்று அதைச் சொல்லலாம்.

அதே ஊரில், அதே வீட்டில், ஒரு பெண் பிள்ளை பெறப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் நோவு கண்டால் வான்காரனுக்குக் கொடுக்கக் காசு வேண்டும். கூடப் போகிறவளின் சாப்பாட்டுக்கு வேண்டும். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். கணவனின் நாட்கூலி நின்றுபோகும். அப்போது சங்கம் வருவதில்லை. காதிலே கிடக்கும் தோடுதான் அடகு கடைக்குப் போகிறது.

சாவுக்குச் சங்கம் வைத்த நாம் பிறப்புக்கு ஏன் வைக்கவில்லை? இந்தக் கேள்வி பணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும் உண்மையில் நீதியைப் பற்றியது. ஒரு தாயின் பிள்ளைப்பேறு யாருடைய பொறுப்பு? அவளுடையதா, அவள் கணவனுடையதா, ஊருடையதா, நாட்டினுடையதா? நாம் அவளுக்குச் செய்வது தர்மமா, கடனா?

வாவிக்கு அக்கரை

பழுகாமத்தை நம் வாசகர் பலர் அறிவர். வாவியின் மேற்கே, படுவான்கரையிலே, திரௌபதி அம்மன் கோயிலால் பேர்பெற்ற பழைய ஊர். அங்கே பெரும்பாலோர் சைவ மக்கள். அதற்கும் மேற்கே வெல்லாவெளி, தும்பங்கேணி, திக்கோடை என்று வயலும் காடும் கலந்த ஊர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளோ வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையிலே இருக்கின்றன. வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்க வேண்டிய நிலை வந்தால் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அல்லது அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வரைபடத்தில் இது பெரிய தூரமல்ல. ஆனால் மாரி மழையில் தாழ்ந்த வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும்போதும், காட்டோரத்துப் பாதையில் இரவிலே யானை நிற்கும்போதும், தூரம் கிலோமீற்றரால் அளக்கப்படுவதில்லை. போர்க்காலத்தில் இந்த வாவியே எல்லைக்கோடாகவும் இருந்தது. 2007ஆம் ஆண்டு வரை ஒரு கரை ஒருவர் கையிலும் மறுகரை மற்றவர் கையிலும் இருக்க, கர்ப்பிணித் தாய்மார் காவலரண்களைத் தாண்டி ஆஸ்பத்திரி போன காலத்தைப் படுவான்கரை இன்னும் மறக்கவில்லை.

இலவசம் என்றால் சமமா?

முதலில் நன்றியோடு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் நாடு தாய்மாரைக் கைவிட்ட நாடல்ல. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியது. ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற மருத்துவமாதர் அனுப்பப்பட்டனர். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிந்தது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தத் தொகை ஏறக்குறைய 500க்கு இறங்கியது. அதன்பின் அது இன்னும் மிகக் குறைந்துவிட்டது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலேயே பிறக்கின்றன. நம்மைவிடச் செல்வமுள்ள நாடுகள் பல எட்டாத நிலை இது. சைக்கிளில் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் பெயரைக் கொப்பியில் எழுதிய மருத்துவமாதுக்கு இந்தப் பெருமையில் பெரும் பங்கு உண்டு.

ஆனால் சராசரி என்பது ஒரு போர்வை. நீட்டிப் படுத்தவனையும் முடங்கிப் படுத்தவனையும் அது ஒன்றாகவே மூடிவிடும். ஆஸ்பத்திரி வாசலில் காசு கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வாசல்வரை போகும் பாதை இலவசமல்ல. 1994ஆம் ஆண்டு செரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டினர். போவோம் என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேர்வதில் இன்னொரு தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது தாமதம். பிள்ளை பெற்றபின் கடுமையாக இரத்தம் போகும் தாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே இறந்துவிடக் கூடும். முதல் தாமதத்தைக் கவனியுங்கள். விடியட்டும், பஸ்ஸில் போகலாம் என்று ஒரு குடும்பம் நினைப்பது அறியாமையால் மட்டுமா? வான் கூலியை நினைத்தும் அல்லவா?

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மற்றொன்றையும் கண்டோம். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது. எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் நின்றன. சாதாரண காலத்திலும் இந்நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறைய பாதியை மக்களே தம் பையிலிருந்து கொடுக்கிறார்கள். ஆகவே இலவசம் என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் நீதியின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. கொழும்பில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கும், திக்கோடையில் வயல் கூலிக்காரன் மனைவிக்கும் ஒரே கட்டிலை ஒரே விலைக்கு, அதாவது விலையில்லாமல், வைத்துவிட்டால் இருவரையும் சமமாக நடத்திவிட்டோமா? சமமாகக் கொடுப்பது வேறு, சமமாகச் சென்றடையச் செய்வது வேறு.

காப்புறுதியின் இரு முகங்கள்

இந்த இடைவெளியை நிரப்பக் காப்புறுதி உதவுமா என்று உலகம் இன்று கேட்கிறது. இதற்கு விடை சொல்லுமுன் காப்புறுதிக்கு இரண்டு முகங்கள் உண்டென்பதைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று வியாபார முகம். ஆபத்து எவ்வளவோ அவ்வளவு கட்டணம். கட்டணம் எவ்வளவோ அவ்வளவு பலன். வீட்டுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் இது பொருந்தும். ஆனால் பிள்ளைப்பேற்றின் முன் இந்தக் கணக்குத் தடுமாறுகிறது. கர்ப்பம் தற்செயல் விபத்தல்ல, நோயுமல்ல. பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தது. ஆகவே தனியார் காப்புறுதிகள் பல அதைச் சேர்ப்பதில்லை, அல்லது இத்தனை மாதம் காத்திருந்தபின்தான் என்று நிபந்தனை போடுகின்றன. வியாபாரியைக் குறைசொல்வதற்கில்லை. அவன் ஆபத்தை விற்கிறான். தாய்மையோ ஆபத்தாக மட்டும் எண்ணப்படக் கூடியதல்ல.

மற்றது தோழமையின் முகம். அவரவர் இயன்றதைப் போடுவது, அவரவர் தேவைக்கு எடுப்பது. நம் மரணாதார சங்கத்தின் முகம் இதுதான்.

காப்புறுதி என்ற சொல்லிலேயே காப்பும் உண்டு, உறுதியும் உண்டு. நல்ல சமாரியன் உவமையை இந்தக் கண்ணோடு மீண்டும் வாசித்துப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டியதோடு அவன் நிற்கவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். அதற்கு மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தான். எண்ணெயும் திராட்சை இரசமும் இரக்கத்தின் அடையாளங்கள் என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த வாக்குறுதியை நாம் அதிகம் எண்ணுவதில்லை. முன்பின் தெரியாத நோயாளியைச் சத்திரக்காரன் அஞ்சாமல் வைத்திருந்தது அந்த வாக்குறுதியினால்தான். இரக்கம் அன்றிரவு உதவியது. உறுதிமொழியோ வரவிருந்த நாட்களுக்கும் உதவியது. அதுவும் யூதனுக்குச் சமாரியன் கொடுத்த உறுதி! படுவான்கரையில் நம் சபையார் மிகச் சிலரே, ஆகவே அது நம் காரியமல்ல என்று நினைப்பவர் யாரேனும் இருந்தால் அந்த உவமையை இன்னொரு முறை வாசிக்கட்டும்.

நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

இங்கே நேர்மையான ஆட்சேபங்கள் எழுகின்றன. அவற்றை ஒதுக்கிவிடலாகாது.

பிள்ளை இல்லாதவர், மணமாகாதவர், வயது முதிர்ந்தவர், குருக்கள், கன்னியர் எல்லாரும் பிறர் பிள்ளைப்பேற்றுக்கு ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்பது முதல் ஆட்சேபம். இதற்கு என் மறுமொழி எளியது. இந்த உலகில் பிள்ளை பெறாதவர் உண்டு, பிறக்காதவர் இல்லை. மற்ற எல்லாக் காப்புறுதியிலும் முதலில் கட்டணம், பின்பு பலன். இந்த ஒன்றில் மட்டும் நாம் ஒவ்வொருவரும் ஒரு சதமும் கட்டுமுன்னே முழுப் பலனையும் பெற்றுக்கொண்டோம். ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைத்ததனால்தான் நாம் இருக்கிறோம். ஆகவே தாய்மாருக்காக நாம் போடும் பங்கு பிறருக்குக் கொடுக்கும் தர்மமல்ல, நாம் வாங்கியதற்குத் திருப்பிக் கொடுக்கும் கடன். தர்மம் கொடுப்பவன் விரும்பும்போது கொடுக்கலாம். கடன்பட்டவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம், பணம் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகி விடுவார்கள் என்பது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் அர்ச். சின்னப்பர் ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும்படி சொல்கிறார். சில வரிகளுக்குள்ளேயே அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் சொல்கிறார். இது முரண்பாடல்ல. தன் தோளுக்கேற்ற பாரத்தைத் தானே சுமப்பது கடமை. தோளை முறிக்கும் சுமை வரும்போது அயலான் கைகொடுப்பது நீதி. பத்து மாதம் சுமப்பவளைப் பார்த்து இன்னும் உழைத்துச் சுமக்கப் பழகு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. காப்புறுதி என்று தொடங்கி, முடிவில் இலவச வைத்தியத்தையே பறித்துவிடுவார்களோ? அட்டை உள்ளவருக்கு ஒரு வரிசை, அட்டை இல்லாதவருக்கு வேறு வரிசை என்று ஆகுமோ? இந்தப் பயம் நியாயமானது. காப்புறுதி இலவச சேவையின் இடத்தில் வரக்கூடாது. அதன்மேல் கட்டப்பட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விலை வைக்கும் காப்புறுதி நமக்கு வேண்டாம். அந்தக் கட்டிலுக்குப் போகும் வழியின் விலையைத் தாங்கும் காப்புறுதிதான் வேண்டும்.

பிறநாடுகள் கற்பிப்பது

ருவாண்டா நம்மைவிட ஏழை நாடு. 1994இன் கொடிய இனப்படுகொலையால் நொறுங்கிய நாடு. அங்கே ஊர்கள்தோறும் சுகாதாரக் காப்புறுதியை ஏற்படுத்தி, நாளடைவில் நாடு முழுவதற்கும் ஒன்றாக இணைத்தார்கள். வசதிக்கேற்பக் கட்டணம் வைத்து, மிக ஏழைகளின் பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கட்டினார்கள். 2005இல் நூற்றுக்கு 28 பிள்ளைகள் மட்டுமே சுகாதார நிலையங்களில் பிறந்தன, 2010இல் 69, 2015 அளவில் 91. காப்புறுதி ஒன்றே இதைச் செய்யவில்லை. கிராமத் தொண்டர்களும் தாதியரும் நிலையங்களும் சேர்ந்தே செய்தன. ஆனாலும் வழியிலிருந்த ஒரு தடைக்கல்லைக் காப்புறுதி அகற்றியது. கானா நாடு 2008இல் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தேசியக் காப்புறுதியில் கட்டணமே வேண்டாமென்று விலக்களித்தது.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரால் ஏழைத் தாய்மாருக்குப் பிள்ளைப்பேற்று உதவி கொடுக்கப்படுகிறது. 2018இல் அது 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கர்ப்ப காலத்திலிருந்தே தவணை தவணையாகக் கொடுப்பது அதன் சிறப்பு. முதல் இரு பேறுகளுக்கே என்று எல்லை வைத்தது அதன் குறை. மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவளுக்குப் பசி குறைவா, ஆபத்துக் குறைவா? இவ்விஷயத்தில் நாமும் பிறரைக் குறைசொல்லும் நிலையில் நீண்ட காலம் இருக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்கீழ் கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. ஆயினும் அதில் ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 42 நாட்கள்தான் என்றிருந்த விதி 2018இல்தான் மாறி, எல்லாப் பேறுகளுக்கும் 84 நாட்கள் என்றாயிற்று.

அந்தச் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. விடுமுறைச் சம்பளம் முழுவதையும் அவளை வேலைக்கு வைத்தவர் ஒருவரே தாங்க வேண்டும். ஆகவே இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே சில முதலாளிமார் தயங்குகிறார்கள். தாயைக் காக்க வந்த சட்டமே அவள் பிழைப்பைத் தடுக்கிறது! சர்வதேசத் தொழில் தாபனம் 2000ஆம் ஆண்டின் 183ஆவது சமவாயத்தில், இந்தச் செலவு தனி முதலாளியின் தலையில் விழாமல் கட்டாயச் சமூகக் காப்புறுதியாலோ பொதுநிதியாலோ தாங்கப்பட வேண்டும் என்று வகுத்தது. இதைவிடப் பெரிய ஓட்டை, சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள். களை பிடுங்குபவள், நெல் தூற்றுபவள், வாவியில் இறால் வடிப்பவள், பிறர் வீட்டில் சமைப்பவள், இவர்களுக்கெல்லாம் முதலாளி யார்? விடுமுறை எது?

வெள்ளத்திலும் பெரிய சங்கம்

அப்படியானால் ஒவ்வோர் ஊரிலும் பிறப்புச் சங்கம் ஒன்று அமைத்துவிட்டால் போதாதா? நல்ல தொடக்கம், ஆனால் போதாது. மரணம் வீடு வீடாக வருகிறது. ஒருவர் வீட்டுத் துயரை மற்றவர் தாங்கலாம். வெள்ளமோ எல்லார் வீட்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியும், 2011 ஜனவரி வெள்ளமும் நம் மாவட்டத்தில் ஏழை வீடு, இருந்தவன் வீடு என்று பார்க்கவில்லை. சந்தா கட்டும் அத்தனை பேரும் ஒன்றாய் நனைந்துவிட்டால் சங்கத்தின் பெட்டியும் நனைந்துவிடும். மேலும், ஏழைகள் ஏழைகளையே தாங்கட்டும் என்று விடுவது தோழமையல்ல. ஆகவே நிதிக்குளம் நாடளவு விரிந்ததாக இருக்க வேண்டும். பழுகாமத்தில் வெள்ளம் என்றால் கண்டியும் காலியும் அந்த ஆண்டில் கொடுக்கும். மலையகத்தில் மண் சரிந்தால் மட்டக்களப்புக் கொடுக்கும்.

அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார என்ற வைத்தியக் காப்புறுதி 1997 முதல் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு முடிந்தது நாட்கூலிக்காரியின் பிள்ளைப்பேற்றுக்கு முடியாதா? மருத்துவமாதுவின் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட நாளே அவள் அங்கத்தவள் ஆகட்டும். வேறு விண்ணப்பமும் கையொப்பமும் வேண்டாம். கட்டணத்தை இயன்றவர் வரியிலிருந்து எடுக்கட்டும். தூரத்துக்கேற்ப வாகனக் கூலியும், கூடப் போகிறவளின் செலவும், இழந்த கூலியில் ஒரு பங்கும் பேறுக்கு முன்னரே அவள் கையில் சேரட்டும். பற்றுச்சீட்டைக் காட்டிப் பின்பு பெறுங்கள் என்றால், முன்பணம் இல்லாதவள் மறுபடியும் தோட்டைத்தான் கழற்றுவாள். கர்ப்பிணித் தாய்மாருக்குப் போஷாக்குக் கொடுப்பனவு என்ற வழக்கம் ஏற்கெனவே இங்கே உண்டு. 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையும் உண்டு. ஆகவே அடிக்கல்லை எங்கோ தேட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காசு பாலம் கட்டாது. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரும் இரத்த வங்கியும் இல்லாத இடத்தில் காப்புறுதி அட்டை வெறும் காகிதம். மூன்றாம் தாமதத்தைக் காப்புறுதி மட்டும் தீர்க்காது.

திருச்சபையும் நாமும்

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய காலம்தொட்டு, ஏழையின் உரிமையைப் பிச்சையாக மாற்றலாகாது என்று திருச்சபை போதித்து வருகிறது. 23ஆம் அருளப்பர் 1963இல் உலக சமாதானத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வைத்திய உதவியையும் நோயிலும் இயலாமையிலும் பாதுகாப்பையும் மனிதனின் உரிமைகளிலே எண்ணினார். கருவிலிருக்கும் உயிரைக் காக்க வேண்டுமென்று உரத்துப் பேசும் நாம், அந்த உயிரைச் சுமக்கும் தாயின் வான் கூலியைப் பற்றி மௌனமாயிருந்தால், நம் பேச்சை உலகம் ஏன் நம்ப வேண்டும்? 2023ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறக்குறைய 2,60,000 தாய்மார் கர்ப்பத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாட்டவர். உயிரை மதிப்பது என்றால் இந்தத் தாய்மாரையும் மதிப்பதே.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் பங்குகளிலுள்ள வின்சென்ட் தே போல் சபையும் மாதர் சங்கமும், சைவ, இஸ்லாமிய அயலவரோடு கூடி, மரணாதார சங்கத்தின் கணக்கிலேயே பிறப்புக்கும் ஒரு பக்கம் திறக்கலாம். நோவு கண்ட இரவில் எந்த வீட்டு வாகனம் புறப்படும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடும் வீடு எதுவென்று குறித்து வைக்கலாம்.

ஆதியாகமத்திலே ஒரு துயரச் சம்பவம் உண்டு. யாக்கோபின் மனைவி ராக்கேல் பிரயாணத்தின் நடுவிலே, எப்பிராத்துக்குப் போகும் வழியிலே நோவு கண்டாள். மருத்துவிச்சி அருகில் இருந்தாள். பயப்படாதே என்று தேற்றினாள். பிள்ளை பிறந்தது, தாய் இறந்தாள். ஊர் எட்டுமுன்னே, வழியோரத்திலேயே அவளை அடக்கம் செய்தார்கள். அந்த எப்பிராத்துத்தான் பெத்லகேம். பல நூற்றாண்டுகளின்பின் அதே ஊரில் இன்னொரு தாய் இடமில்லாமல் மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பெற்றாள். அந்தத் தாய்தான் தன் கர்ப்பத்தின் ஆரம்ப நாட்களில், மலைநாடு ஏறிப்போய், முதிர்வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தம்மாளோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியவள்.

வழியிலே இறந்தவளும், இடமில்லாமல் பெற்றவளும், தேடிப்போய் உதவியவளும் நம் வேதத்திலே இருக்கிறார்கள். படுவான்கரையின் ஏதோ ஒரு குடிசையில் இன்றிரவும் ஒருத்தி நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. நாம் பிறந்த அன்றே பட்ட கடனை எப்போது அடைக்கப் போகிறோம் என்பதே அவள் கேள்வி.